ஒரு ஜாண் குறைந்த கேலரி

போன செவ்வாய்க்கிழமை ஒரு கேலரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நின்று வேடிக்கை பார்த்தேன். வேலை இல்லாதவனுக்கு இடிக்கிற இடத்தைவிட நல்ல பொழுதுபோக்கு எது?

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அந்த ஊர் ஃபுட்பால் கமிட்டியில் இரண்டு பேர் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்கள். அவர்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியதற்கே மூன்று பக்கத்துக்குக் கடிதம் போட்டார்கள். ஜவ்வாது மலைக்குக் கீழே, தோல் பதனிடும் கூடங்களின் வாசனை வீசுகிற ஒரு நகரம்... அவ்வளவு போதும்.

அங்கே ஃபுட்பால் மைதானத்தின் மரக் கேலரியை எடுத்துவிட்டு, கான்கிரீட்டில் ஸ்டேடியம் கட்டப்போகிறார்கள். முன் வரிசைப் பலகைகள் கையால் அழுத்தினாலே அப்பளமாக நொறுங்கின. கால்கள் இன்னும் மோசம். கரையான் தின்றது போக மிச்சம் இருந்தது மேலே அடித்த பெயிண்ட் மட்டும்தான். ஆட்கள் கடப்பாரையைத் தொடக்கூட இல்லை. உதைத்தே சாய்த்துக்கொண்டு வந்தார்கள்.

கடைசி வரிசைக்கு வந்ததும் வேலை நின்றது. உதைத்தவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த வரிசையில் நாற்பது வேங்கை மரக் கால்கள். கேலரியிலேயே உயரமானவை. ஒன்றுகூட அசையவில்லை. தோண்டிப் பார்த்தார்கள். குழியின் அடியில் ஒரு ஜாண் உயரத்துக்குக் கருங்கல். சுற்றிலும் கல் சில்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்த இறுக்கம். மரத்தில் மண்ணே படவில்லை.

ஒரு இளம் இன்ஜினியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பக்தி இருந்தது.

"பாத்தீங்களா சார்? மண்ணு படலைன்னா கரையான் எங்கேருந்து வரும்? அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன முன்யோசனை பாருங்க" என்றார் என்னிடம். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கமிட்டி ஆள் என்று நினைத்திருப்பார்.

அந்தக் காலம் என்று அவர் சொன்னது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். அந்தக் காலத்து ஆள் என்று அவர் சொன்னவர்களில் நானும் ஒருவன். அங்கே முன்யோசனை எதுவும் நடக்கவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன். நடந்தது ஒரு தப்பு. அந்தத் தப்பால் ஒரு மனிதன் தன் ஊரையே இழக்க இருந்தான். அதைத் தடுத்தது அந்த ஒரு ஜாண் கல்.

இன்ஜினியரிடம் சொல்லவில்லை. "ஆமாம் சார், அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்றேன்.

உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மைதானம் முதலில் ஒரு ஏரியின் ஓரம். மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற நாளில் மாடு. வெள்ளைக்கார சிப்பாய்கள் நாலு கம்பு நட்டு பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் போனார்கள், கம்பு நின்றது. பிறகு தோல் கூடத்து ஆட்கள் ஆடினார்கள், வெறுங்காலோடு. கூட்டம் கூடியது. கூட்டம் உட்கார மூங்கிலில் ஒரு கேலரி கட்டினார்கள். அது ஒரு மேட்ச் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாரும் சாகவில்லை, செருப்புகள்தான் போயின. அதற்கப்புறம்தான் மரக் கேலரி வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஒரு காண்ட்ராக்டர் வந்தார். காண்ட்ராக்டருக்கு மலையில் ஏறி இறங்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

நான் அப்போது ஒடுகத்தூர்ச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். ஓட்டலில் டேபிள் துடைத்து, லாரியில் கிளீனராகப் போய், ஒரு சர்க்கஸில் கூடாரம் கட்டி, கடைசியில் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார் காண்ட்ராக்டர். "பஸ் போர்டு படிப்பேன்" என்றேன். போதும் என்றார்.

ஒடுகத்தூரிலிருந்து அரை நாள் ஏற வேண்டிய ஒரு மலைக்கிராமம். இருபது, இருபத்தைந்து வீடு. சாமையும் கேழ்வரகும் விளையும். அவர்களுடைய சொந்த நிலத்தில் வேங்கை மரங்கள் நெட்டையாக நின்றன. கடைசி வரிசைக்கு அந்த உயரம்தான் வேண்டும்.

ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைத்தவன் பொன்னன்.

பொன்னனுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசாதவன். அவன் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. மலைப்பாதையில் ஒரு திருப்பம். ஓர் ஆள் சாய்ந்துதான் போக முடியும். அந்த வருஷம் அவன் தங்கையைப் பிரசவத்துக்குத் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தூளி அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. சுற்றுவழியில் போவதற்குள் அவள் இறந்துபோனாள். மரம் கொடுத்தால் அந்தத் திருப்பத்தை அகலமாக வெட்டித் தருகிறேன் என்றார் காண்ட்ராக்டர். அவர் நல்ல மனதோடு சொல்லவில்லை. பதினாறடி மரமும் அங்கே திரும்பாது.

திருப்பத்தை நான்கே நாளில் வெட்டினோம். மரத்துக்காக வெட்டியதால் நான்கு நாள். மனிதர்களுக்காக வெட்டியிருந்தால் இன்னும் மனு எழுதிக்கொண்டிருப்போம்.

ஊர்க்கவுண்டர் சம்மதித்தார், ஒரு கட்டுப்பாட்டோடு. நாற்பது மரம். நாற்பத்தொன்றாவது மரத்தில் கோடாலி படக்கூடாது. ஏனென்றால் அதற்குமேல் நெட்டை வேங்கை இருந்தது சுனையைச் சுற்றித்தான், அது அம்மனுடையது. அம்மன் கல்லுக்கு முன்னால் பொன்னனை நிறுத்தி, கோடாலிமேல் கை வைக்கச் சொன்னார்.

"மீறினா இன்னான்னு தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க."

"சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"நெருப்பு கெடயாது, தண்ணி கெடயாது. என் வெதப்புக்கு யாரும் வரமாட்டாங்க. வூட்டக் காலி பண்ணிக்கிட்டு எறங்கிடணும்."

அவன் மனைவி மாதி கூட்டத்தில் நின்றிருந்தாள். "நானும்தானே எறங்கணும், என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். கூட்டம் சிரித்தது. பொன்னன் சிரிக்கவில்லை.

இனி கயிறு.

கேலரி வேலைக்கு மேஸ்திரி வாணியம்பாடி காதர் பாய். மரவேலையில் பெரிய கை. அவர் யாருக்கும் அடிக்கணக்கு எழுதித் தரமாட்டார். "எழுத்த ஒருத்தன் ஒரு மாதிரி படிப்பான், கயித்த எல்லாரும் ஒரே மாதிரி படிப்பாங்க" என்பார். அதனால் ஒரே நீளத்தில் இரண்டு கயிறு வெட்டினார். கற்றாழை நாரில் புதிதாக முறுக்கியது. ஒன்று அவர் பெட்டியில். ஒன்று என் கையில்.

"இது கயிறு இல்லடா, மரம். மரத்த உன் கையில குடுத்து அனுப்புறேன். புரிஞ்சுதா?" என்றார்.

புரிந்தது. ஆனால் பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. என் மூட்டையைக் கட்டியிருந்த சணல் அறுந்தது. போர்வை, தட்டு, இரண்டு சட்டை – என் மொத்தச் சொத்தும் சேற்றில். சுற்றிப் பார்த்தேன். கட்ட வேறு எதுவும் இல்லை. தோளில் கயிறு இருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பொன்னன் வீட்டுக்குப் போனபோது அவன் கொல்லையில் வேலையாக இருந்தான். மாதிதான் இருந்தாள். மூட்டையை அவிழ்த்துக் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன்.

"இது இன்னா?"

"அளவுக் கயிறு. ரொம்பப் பத்திரம்."

அவள் அதை உதறினாள். அடுப்புக்கு மேலே பரண். அதில் அடுத்த விதைப்புக்கான கேழ்வரகுக் கதிரும் சாமைக் கதிரும் தொங்கும். புகை படப்பட பூச்சி அண்டாது. அந்த ஊரில் மிகப் பத்திரமான இடம் அதுதான். குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாக வைக்கமாட்டார்கள். கயிற்றையும் விதையோடு வைத்தாள். பத்து நாள் அங்கேயே இருந்தது.

நனைந்த புதுக்கயிறு இழுத்துக் கட்டாமல் காய்ந்தால் சுருங்கும். இது எனக்கு அப்போது தெரியாது. கூடாரம் கட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான்.

சுருங்கியதை விறைப்பாக இழுத்து அளந்திருந்தால்கூட ஒரு விரற்கடைதான் குறைந்திருக்கும், யாராவது சமாளித்திருப்பார்கள். இன்னொன்று நடந்தது. அந்த ஊரில் அளவுக் கயிற்றை யாரும் இழுக்கமாட்டார்கள். கீழேயிருந்து விறகு வாங்க வருகிற வியாபாரிகள் ஒரு கயிற்றுக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டு, விறகைக் கயிற்றால் சுற்றி, காலை வைத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கட்டு இறுகும், இன்னும் நாலு விறகு உள்ளே போகும். அதைப் பார்த்துப் பார்த்து, கயிற்றை இழுப்பவன் திருடன் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டமாகவே ஆகியிருந்தது. பொன்னன் ஒவ்வொரு மரத்தின்மேலும் கயிற்றைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது மாதிரி கிடத்தினான். அது எங்கே முடிந்ததோ அங்கே வெட்டினான். நேர்மையான அளவு.

நாற்பது மரமும் ஒரு ஜாண் குறைந்தது.

மரத்தோடு பொன்னனும் இறங்கினான். கேலரி என்றால் என்ன என்று பார்க்க ஆசைப்பட்டான். தோளிலும் மாட்டிலுமாக இழுத்து அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். கேலரியைத் திறக்கிற மேட்சுக்கு எட்டு நாள் இருந்தது.

காதர் பாய் முதல் மரத்தின் பக்கத்தில் தன் கயிற்றைப் போட்டார். ஒரு முனையை மிதித்து, மறு முனையை விறைப்பாக இழுத்தார். கயிறு மரத்தைத் தாண்டிப் போனது.

அடுத்த மரம். அதுவும் அப்படியே. ஐந்தாவது மரத்தில் நிறுத்தினார். என் கயிற்றைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு என் கயிற்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாபா இது, புகை வாசம் வருது. கயித்த சமைச்சீங்களா?"

பொன்னன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "என் வூட்டுக்காரி பரண்ல வெச்சிருந்தாங்க பாய். வெதையோட."

காதர் பாய் சிரித்துவிட்டார். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. பீடியை எறிந்தார்.

"ஏறு மேல. இன்னும் நாப்பது வெட்டு."

"நாப்பதுதாங்க பேச்சு" என்றான் பொன்னன்.

"நீ ஒழுங்கா வெட்டியிருந்தா நாப்பதுதான். மலையில மரத்துக்கு இன்னாய்யா பஞ்சம்? சுனையாண்ட நிக்குதே, நான் பாத்தேனே."

"அது அம்மனோடதுங்க."

"அம்மன் இன்னா கேலரியா கட்டப்போவுது?"

 பொன்னன் குறைந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்தான்.

"நீ வெட்டலன்னா போ. பர்மிட் எங்கிட்ட கீது, ஆள் கீது. நானே வெட்டிக்கிறேன்."

"வெட்டிக்கிங்க. யாரு வெட்டினாலும் சத்தியம் என்னுது. நான் ஊருக்குப் போவல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. லாரி எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். "மாதிக்கு மட்டும் சேதி சொல்லிடுங்க. வெதய எடுத்துக்கிட்டு எறங்கட்டும்."

காதர் பாய் என்னைப் பார்த்தார். "கயிறு நனைஞ்சுதா?"

மரவேலைக்காரருக்குத் தெரியாதா? சுருங்கிய முறுக்கைப் பார்த்தாலே தெரியும்.

"தெரியல பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆமாம் என்று சொன்னால் காண்ட்ராக்டர் அங்கேயே துரத்திவிடுவார். மறுநாள் சோற்றுக்கு வேறு ஊர் தேட வேண்டும். தேடியிருக்கலாம், தேடாத ஊரா? ஆனாலும் சொல்லவில்லை. பொன்னன் என்னைப் பார்க்கவும் இல்லை. கயிறு நனைந்த கதை அவனுக்குத் தெரியாது.

காதர் பாய் மறுபடி என்னைக் கேட்கவில்லை. குழி தோண்டியிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டு ஒரு ஜாண் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து காண்ட்ராக்டரிடம் பேசினார்.

"மேல போய் வெட்டி, இழுத்து, எறக்கி... எட்டு நாள்ல வருமா?"

"வராது."

"கல்லு வருமா?"

"கல்லா?"

"குழிக்கு அடியில ஒரு ஜாண் கல்லு. மேல மரம்."

"மரம் மண்ணுல எறங்குறதும் ஒரு ஜாண் கொறையுமேய்யா. ஆயிரம் பேர் குதிப்பான். சாஞ்சா நீ வந்து புடிப்பியா?"

"மண்ணு போட்டு மூடுனா சாயும். கல்லு சில்லு போட்டு, சுண்ணாம்பு ஊத்தி இடிச்சா? தோல் கூடத்துல பழைய சுண்ணாம்பு மலையாட்டம் கொட்டிக் கெடக்குது. எடுத்துக்கிட்டுப் போனா துவா செய்வாங்க."

"நாறுமே."

"ஃபுட்பால் பாக்க வர்றவன் பாதிப் பேர் அங்கதான் வேல செய்றான். அவனுக்கு இன்னா நாத்தம்?"

காண்ட்ராக்டர் யோசித்தார். எட்டு நாள் என்பது எல்லா யோசனையையும் சீக்கிரம் முடித்துவிடும். சரி என்றார். காதர் பாய் பொன்னன் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா உக்காந்துட்ட? எழுந்திரு. கல்லு தூக்குவியா?"

"தூக்குவேங்க."

"அப்ப தூக்கு. உன் பொண்டாட்டி சமைச்ச சமையலுக்கு நீதான் எல போடணும்."

நானும் தூக்கினேன். ஆறு நாள். பழைய சுண்ணாம்பு கையைத் தின்றது. விரல் மடக்க முடியாமல் சாப்பிட்டோம். அந்த வேலைக்கு நடுவில் ஒரு நாள் காதர் பாயிடம் சொன்னேன், "பொன்னனைக் காப்பாத்திட்டீங்க பாய்." அவர் உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானா? மறுபடி மரத்துக்கு ஒரு மாசம் காத்துக்கிட்டிருக்க எனக்கு பேஜார். ஜல்தி முடிச்சா வூட்டுக்குப் போலாம்" என்றார். பிறகு அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டே, "ஒருத்தன் கயித்த இழுக்காம அளந்தான்னா, அவன ஊரவிட்டுத் தொரத்தக் கூடாது" என்றார்.

மேட்ச் நடந்தது. கேலரி நிறைந்தது. பொன்னன் ஊருக்குப் போகாமல் நின்றான். டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டார்கள். உட்கார இடமும் கொடுத்தார்கள். உட்காரவில்லை. கேலரிக்கு அடியில் போய், கடைசி வரிசையின் ஒரு காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். முழு மேட்சும். தலைக்கு மேல் ஆயிரம் பேர் கத்தினார்கள். கோல் விழுந்ததும் எல்லோரும் ஒன்றாகக் குதித்தார்கள். தூசி கொட்டியது.

வெளியே வந்தபோது, "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒருக்கா நடுங்கிச்சு. நவரல" என்றான்.

ஃபுட்பால் பார்த்தவர்களில் பந்தைப் பார்க்காமல் மேட்சைத் தெரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அடுத்த வாரமே நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கால் அரிக்கும், போவேன்.

கேலரியின் மற்ற கால்கள் எல்லாம் சமவெளி மரம். அளவு பிசகாமல் வந்தவை. அதனால் முறைப்படி மண்ணில் புதைத்தார்கள். முறைப்படி கரையான் தின்றது. அவற்றை மாற்றி மாற்றி நட்டிருக்கிறார்கள் என்பது இப்போது அங்கே கேட்டபோது தெரிந்தது. தப்பாக வந்த நாற்பது மட்டும் நின்றது.

நான் சுற்றிய ஊர்களில் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய கிணற்றின் படி வளைந்து இறங்கும்; என்ன கலை என்பார்கள். நடுவில் பாறை வந்திருக்கும். ஒரு மண்டபத்தில் ஒரு தூண் மட்டும் தடிமனாக இருக்கும். என்ன சூட்சுமம் என்பார்கள். எவனோ தப்பாகச் செதுக்கியிருப்பான். தப்பை மறைக்க ஒருவன் இராப்பகலாக உழைப்பான். பிற்பாடு வருகிறவர்கள் அதற்கு முன்யோசனை என்று பேர் வைப்பார்கள். தப்புச் செய்தவன் வாயைத் திறக்கமாட்டான். ஏன் திறக்க வேண்டும்?

இப்படி ஒரு தத்துவத்தோடு பத்தியை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை மலை ஏறினேன். நாற்பது மரமும் நின்ற சேதியைப் பொன்னனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் தத்துவம் கெட்டது.

அந்தத் திருப்பம் அகலமாகவே இருக்கிறது. ஒரு பெண் தலையில் புளிக்கூடையோடு நேராக நடந்து இறங்கினாள், சாயவில்லை.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே இருந்தவன் ஒரு மூங்கிலை வைத்துப் பார்த்தான். எட்டவில்லை.

"இன்னாடா இது, மாதி கயிறாட்டம் கீது" என்றான்.

கீழே இருந்தவன் சிரித்தான். நான் நின்றுவிட்டேன்.

"அது இன்னா மாதி கயிறு?"

"கொறஞ்சு போச்சுன்னா அப்டிதான் சொல்றது" என்றான். வயது இருபது இருக்கும். "ஏன்னு தெரியாதுங்க. எங்க ஊர்ல சொல்ற பேச்சு."

பொன்னன் வீட்டில் இருந்தான். தலை நரைத்திருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேலரியைப் பிரிக்கிறார்கள் என்றேன். மற்றதெல்லாம் மக்கிவிட்டது, உன் நாற்பதும் வெட்டின அன்று மாதிரி இருக்கிறது என்றேன். இன்ஜினியர் சொன்னதையும் சொன்னேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "மரத்த இன்னா பண்ணப்போறாங்க?"

"ஏலம் விடறாங்க. கதவு நிலைக்கு ஆகும்னு போட்டி."

"நெலைக்கா? சரி. வூட்டுக்குள்ளதான போவுது." தலையை ஆட்டிக்கொண்டான்.

மாதி களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள், "கயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியா அந்த இஞ்சினீரு?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியுமில்ல."

நான் பரணைப் பார்த்தேன். அதே பரண். கதிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"சொட்டச் சொட்டக் கொண்டாந்த. உன் மூட்டையில கட்டியிருந்த. அவுத்து என் கையில குடுத்த. ஈரம்னுதான நான் அடுப்புக்கு மேல போட்டேன்? காய்ஞ்ச கயிறா இருந்தா மூலையில ஆணியில மாட்டியிருப்பேன்."

"அப்போ ஏன் நீ யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னேனே. இவரு மேல ஏறி வந்ததும் சொன்னேன். ஊருக்கும் சொன்னேன். யாரு கேட்டாங்க? கீழூர்க்காரரு, படிச்சவரு, அவருக்குத் தெரியாதா, நீதான் பரண்ல வெச்சன்னாங்க. உன்ன இட்டாந்து கேக்கலாம்னா நீ எந்த ஊர்ல கீறன்னு யாருக்குத் தெரியும்? பதினஞ்சு வருசமா எவன் எத கொறச்சு வெட்டினாலும் என் பேரு. பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு."

 பொன்னனுக்கு ஊர் மிஞ்சியது. அவளுக்கு அதே ஊரில் ஒரு கெட்ட பேர் மிஞ்சியது. கல்லைத் தூக்கிய ஆறு நாளில் என் கணக்கு தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் தீர்ந்திருக்கிறது.

"தப்புதான் மாதி. நான்தான் நனைச்சேன்" என்றேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத் தெரிஞ்சதுதான?" களியை உருட்டித் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். "காயிதத்துல எழுதுறியாமே. ஒடுகத்தூர் டீக்கடையில படிக்கிறாங்கன்னு இவரு போன சந்தைக்கு எறங்கினப்ப கேட்டுக்கிட்டு வந்து சொன்னாரு. அதுல எழுது."

"எழுதறேன். ஆனா இங்கே யாரும் படிக்கமாட்டாங்களே?"

"நீ படிப்பியே. எடுத்துக்கிட்டு வா. அம்மன் கல்லாண்ட நின்னு, எல்லாரும் கேக்குற மாதிரி படி."

ஆகவே வாசகர்களே, இந்த வாரப் பத்தி உங்களுக்காக எழுதியது அல்ல. கயிற்றைக் குறைத்தது மாதி அல்ல, அதை நனைத்த நான்தான். சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்த இதழ் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை மூட்டையில் வைத்துக்கொண்டு மலை ஏறப்போகிறேன். இது மழை மாதம். மூட்டையைக் கட்ட இந்தத் தடவை சொந்தக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.